பூசை போடாத வண்டி

தண்டாயுதபாணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்று தொண்டையைக் கனைத்தபோதே சௌந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் நல்ல சேதியோடு வரவில்லை என்று. நல்ல சேதி என்றால் நேராக அடுப்படிக்கே வந்து காப்பி கேட்கிற ஆள். இரண்டு வீட்டுக்கும் உறவு. மகள் மைதிலியை ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுக்க வைத்ததும் அவர்தான். தங்கமான குடும்பம், லாரி ஓடுகிறது, மாமனார் தொந்தரவுகூடக் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே கரைத்தார். மைதிலி செத்து, வருஷ தெவசமும் முடிந்த பிறகு இப்போதுதான் இந்த வாசலை மிதிக்கிறார்.

சௌந்திரத்தின் வீட்டுக்காரர் அர்த்தநாரி நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்டாயுதபாணி மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், கோழிகளுக்கு வந்திருக்கும் சீக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். சௌந்திரம் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, இந்த ஆள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இங்கேதானே வந்து விழ வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாப்பிள்ளை கௌசிக்குக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்குது" என்றார் கடைசியில். "மேச்சேரிப் பொண்ணு. தனப்பிரியான்னு பேரு. மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாதுன்னு தள்ளித் தள்ளிப் போயிருக்குது. இது மாமனார் இல்லாத ஊடுங்கவும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அவிய ஒண்ணு கேக்கறாங்க. மூத்தா சேலை வாங்காம பந்தக்கால் நட மாட்டோம்ங்கறாங்க."

அது அவர்கள் பக்கத்து வழக்கம். இரண்டாந்தாரமாகப் போகிற பெண், இறந்துபோன மூத்தவளின் பிறந்த வீட்டுக்கு முதலில் வர வேண்டும். மூத்தவளின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அவள் உடுத்திய சேலை ஒன்றை, அவளைப் பெற்றவள் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவளும் ஒரு மகள். பெற்றவள் கொடுக்க மறுத்துவிட்டால் மூத்தவள் புதியவளை வாழ விடமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அதிலும் வாழ வேண்டிய வயதில் போனவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அர்த்தநாரி குனிந்த தலை நிமிரவில்லை. மனைவி இப்போது விளக்குமாற்றைத் தேடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். தண்டாயுதபாணியும் அதையே நினைத்திருக்க வேண்டும். அவர் கண் வாசலில் கிடந்த செருப்பின் மேலேயே இருந்தது.

"வரச் சொல்லுங்ணா" என்றாள் சௌந்திரம்.

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்ண மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அந்தக் கார்லதான் கூட்டிக்கிட்டு வரோணும்."

"எந்தக் காரு அம்மிணி?"

"தெரியாதவராட்டக் கேக்காதீங்ணா."

அந்தக் காரைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வண்டி என்பது இரும்பு இல்லை. வீட்டில் இன்னொரு உசிர். புதுவண்டி வந்தால் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அது ஓடும். முதல் ஏற்றம் முக்கியம். முதலில் எதை ஏற்றுகிறோமோ காலம் முழுக்க அந்த வண்டி அதைத்தான் ஏற்றும் என்பார்கள். அர்த்தநாரியே பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றும் தன்னுடைய சின்ன லாரியில் முதலில் மஞ்சள் மூட்டைதான் ஏற்றினார். அந்த மஞ்சள் எங்கே போக வேண்டும் என்றுகூட யாருக்கும் அக்கறை இல்லை. நாமக்கல்லைச் சுற்றிவிட்டுத் திரும்ப வீட்டுக்கே வந்தது.

கௌசிக்கின் அம்மா அத்தாயி வாங்கிய கார் வெள்ளை நிறம். கடையிலிருந்து வந்து போர்ட்டிகோவில் நின்றது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசை. வியாழக்கிழமை காலையில் மைதிலிக்கு அடிவயிற்றில் வலி வந்தது.

தோட்டத்து வீடு. அக்கம்பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இல்லை. லாரிகள் எல்லாம் வடக்கே லோடு போயிருந்தன. மைதிலி அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, வயிறு கிழியுதும்மா. ரத்தம் வேற படுது. காரு ஊட்டுலயேதான் நிக்குது, எடுக்க மாட்டேங்கறாங்க. சாவியக் குடுத்தா நானே ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். நீயாச்சும் சொல்லும்மா."

அதற்குள் போன் கைமாறியது. அத்தாயியின் குரல் பதறாமல் வந்தது. "ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்குதுங்க சம்பந்தி. இப்ப வந்துரும். சித்த பொறுத்துக்கச் சொல்லுங்க உங்க புள்ளைய. விடிஞ்சாப் பூசை, பூசை போடாத வண்டியில ரத்தத்தோட எப்படிங்க ஏத்தறது?"

பக்கத்திலிருந்த ஆம்புலன்ஸ் ஏதோ விபத்துக்குப் போயிருந்தது. இன்னொன்று தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. மைதிலியைப் போர்ட்டிகோவில், அந்தக் காருக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் தூக்கிப் போட வசதியாக இருக்குமாம். கேட்டீர்களா இந்தக் கரிசனத்தை! சௌந்திரமும் அர்த்தநாரியும் முட்டை லாரியிலேயே கிளம்பிப் பறந்தார்கள். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி வெடித்துவிட்டது என்றார் டாக்டர். உண்டாகியிருப்பது மைதிலிக்கே தெரியாது. ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு, அவள் உடுத்தியிருந்த பச்சைச் சேலையை ஒரு பையில் போட்டு சௌந்திரத்தின் கையில் கொடுத்தார்கள்.

எழவு வீட்டில் சௌந்திரம் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். காரு நின்னுதே, காரு நின்னுதே என்று தொண்டை கிழியக் கத்தினாள். வந்த சனம் அவளைப் பிடித்து உட்கார வைத்தது. பிணம் கிடக்கும்போது சண்டை எதுக்கு என்றது. அத்தாயி மூக்கைச் சிந்திக்கொண்டே, "கடைசித் தண்ணிகூட என்ற கையாலதான் வாங்கிக் குடிச்சா" என்று போகிறவர்களிடமும் வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்த்து, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்க முடியாது. அங்கே நின்ற ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது. அர்த்தநாரிகூட, "பூசை போடாத வண்டிங்கறதுனால..." என்று யாரிடமோ பாதி சொல்லி நிறுத்தினார். மீதியைச் சொல்லவில்லை. அந்தப் பாதியே போதுமாக இருந்தது சௌந்திரத்துக்கு. அன்றைக்கு வாயை இழுத்து மூடியதுதான், புருஷனோடு அவள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவ்வளவுதான்.

மைதிலி எப்படிப்பட்டவள் என்று அந்தச் சனத்துக்கு என்ன தெரியும்? நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். ரோட்டில் போகிற லாரியின் ஹாரனைக் கேட்டே இது இன்னார் வண்டி என்று சொல்லிவிடுவாள், பந்தயம் கட்டினால் தோற்க மாட்டாள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அப்பனிடம் அடம்பிடித்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள். குறுகலான பண்ணைச் சந்தில், முட்டை லாரியைப் பின்பக்கமாக விட்டு ஷெட் வாசலில் கொண்டுபோய் ஒட்டினாற்போல் நிறுத்துவாள். டிரைவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு முட்டை உடையாமல் மோகனூர் வரைக்கும் ஓட்டிப்போய் வந்துவிட்டு, "நானு உனக்குப் பொறந்தனா, வண்டிக்குப் பொறந்தனாம்மா?" என்று கேட்டாள். வண்டி ஓட்டத் தெரிந்த அந்தப் பெண்தான் வண்டிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து செத்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் சௌந்திரத்துக்கு அழுகை வராது. பல்தான் நறநறவென்று கடிபடும்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. ஆனைமலை வரைக்கும் பஸ் ஏறிப்போய், அநியாயம் செய்தவர்களுக்குத் தண்டனை கேட்டு அம்மன் சன்னதியில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தாள். கை எரிச்சல் அடங்க நாளாயிற்று. அத்தாயிக்கு எரிய வேண்டும், அந்தக் கார் நொறுங்க வேண்டும், அந்த வீட்டில் விளக்கு வைக்க ஆள் இருக்கக் கூடாது என்று பேர் சொல்லி, ஊர் சொல்லி வேண்டிக்கொண்டாள். அத்தாயிக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. தீட்டுக் கழிந்ததும் காருக்குப் பூசை போட்டார்கள். பொங்கலும் வைத்தார்களாம். இப்போது கல்யாணம். சாமி செய்யாவிட்டால் போகட்டும், நான் செய்கிறேன் என்று சௌந்திரம் முடிவு செய்துவிட்டாள். வரப்போகிற பெண் யாரோ எவளோ, அவளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. என் மகள் வாழாத வீட்டில் இன்னொருத்தி வாழக் கூடாது, அவளும் சேர்ந்து வேகட்டும் என்றே நினைத்தாள். இதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. முன் சீட்டில் அத்தாயி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், கௌசிக் ஓட்டி வந்திருந்தான். பின் சீட்டிலிருந்து தனப்பிரியா இறங்கினாள். ஒல்லியான பெண். வயது இருபத்தெட்டு இருக்கும். யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல, ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுடைய அப்பாவும் சொந்தக்காரர்களும் வேனில் பின்னால் வந்தார்கள்.

மைதிலியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. தனப்பிரியா விழுந்து கும்பிட்டாள். எழுந்து சௌந்திரத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆசீர்வாதம் பண்ணிச் சேலையக் குடுங்க சம்பந்தி" என்றாள் அத்தாயி. குரலில் தேன் சொட்டியது. "இனிமேட்டு இவளும் உங்க புள்ளதானுங்க."

சௌந்திரம் உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் மடித்த பச்சைச் சேலை. பட்டுச்சேலையை எதிர்பார்த்திருந்த அத்தாயியின் முகம் ஒரு கணம் கோணிற்று. அடுத்த கணம் சேலை எது என்று தெரிந்துகொண்டது.

"அது... அது அன்னைக்கு..."

"அன்னைக்கு உடுத்திருந்ததுதானுங்க" என்றாள் சௌந்திரம். சேலையை உதறி விரித்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பின்பக்கத்தில் ஒரு கறை. உள்ளங்கை அகலம் இருக்கும். காய்ந்து பழுப்பாகிப் போயிருந்தது.

"பாரு அம்மிணி" என்றாள் தனப்பிரியாவிடம். "உனக்கு மூத்தவ வயித்து வலியில துடிச்சா. வெளிய நிக்குதே, அந்தக் காரு அன்னைக்கும் ஊட்டுல நின்னுது. பூசை போடல, ரத்தக்கறை படும்னு ஏத்தல. காருக்குப் பக்கத்துலயே பாய் போட்டுப் படுக்க வெச்சாங்க. ரத்தமெல்லாம் வயித்துக்குள்ளயே போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. வெளிய வந்தது இவ்வளவுதான்." அத்தாயியின் பக்கம் திரும்பினாள். "நல்லாப் பாத்துக்கங்க சம்பந்தி. இவ்வளவுதான். இதுக்குத்தான் பயந்தீங்க."

தனப்பிரியாவின் அப்பா தண்டாயுதபாணியைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வழியில் நின்றுவிட்டதால் போய்விட்டாள் என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தண்டாயுதபாணி கூரையைப் பார்த்தார்.

"நானென்ன கொல்லோணும்னா நெனச்சேன்?" அத்தாயி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். "விடிஞ்சாப் பூசை. மொத ஏத்தமே இப்படி ஆச்சுன்னா அப்பறம் அந்த வண்டி எத்தன பேரக் கொண்டுபோகும்னு பயந்தேன். நம்ம சனத்துல இல்லாததையா செஞ்சுபோட்டேன்? அண்ணனும் லாரிக்காரர்தான், அவரையே கேளுங்க!"

எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். இந்தத் தடவை பாதிகூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் தனப்பிரியா கேட்டாள். கௌசிக்கைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏனுங்க, அன்னைக்கு வண்டிச் சாவி யார்கிட்ட இருந்துதுங்க?"

கௌசிக்கின் கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குப் போனது. இப்போதும் சாவி அங்கேதான் இருந்தது.

"எங்கிட்டத்தான்" என்றான்.

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டா."

"அப்பறம்?"

"அம்மா வேண்டாம்னாங்க."

ஒரு வருஷமாகச் சௌந்திரம் அத்தாயியை மட்டுமே வெட்டிக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். சாவியை அந்தக் கிழவிதான் எங்காவது பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பாள் என்று நினைத்திருந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், அவனும் பறிகொடுத்தவன்தானே என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் பாவமாக இருக்கும். மிளகாய் அரைக்கும்போதுகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. பொண்டாட்டி காலடியில் கிடந்து கெஞ்சியிருக்கிறாள். சாவி இவன் நெஞ்சுக்கு நேராக, சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் சௌந்திரத்துக்கு அத்தாயியைவிட அவன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

தனப்பிரியா அவளுடைய அப்பாவிடம், "போலாமுங்கப்பா" என்றாள். தண்டாயுதபாணி குறுக்கே வந்து, பேசித் தீர்த்துக்கலாம், நாள் குறிச்சாச்சு என்று என்னென்னவோ சொன்னார். அவர் சொல்வதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் படத்தின் முன்னாலிருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, "வாரனுங்கம்மா" என்றாள் சௌந்திரத்திடம். இவளையும் சேர்த்து எரிக்க நினைத்தோமே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அதற்கு மேல் நினைக்க சௌந்திரத்துக்கு நேரம் இல்லை. வேன் கிளம்பியது. தண்டாயுதபாணி பாதி ஏறியும் ஏறாமலும் கெஞ்சிக்கொண்டே அதோடு போனார்.

சௌந்திரம் சேலையை எடுத்துக்கொண்டு நேராகக் காருக்குப் போனாள். முன் கதவைத் திறந்தாள். இன்றைக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. அதைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். சேலையைச் சீட்டின்மேல் விரித்தாள், கறை மேலே தெரிகிற மாதிரி.

"ஏத்திக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றாள். "அன்னைக்குக் கேட்டா, குடுக்கல. இப்ப பூசையெல்லாம் ஆயிருச்சு, ஏத்துங்க."

கௌசிக் போய் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தான். அத்தாயி பின்னாலேயே ஓடினாள். "டேய், அதத் தூக்கி வெளிய எறிடா! எறிஞ்சாத்தான் நான் ஏறுவேன்!" அவன் கை சேலை வரைக்கும் போனது. தொட முடியவில்லை. முகம் கோண அழ ஆரம்பித்தான். அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். முதல்முறையாக அம்மா சொல் கேட்காமல், பக்கத்தில் அந்தச் சேலையோடு, அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். இந்தத் துணிச்சல் போன வருஷம் எங்கே போயிருந்தது என்று சௌந்திரம் புழுதியைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

உச்சி வெயில். பட்டுச்சேலைக்குள் அத்தாயி வேர்த்து வழிந்தாள். போன் செய்தாள், மகன் எடுக்கவில்லை. மெயின் ரோட்டுக்கு நடக்க அவள் முழங்கால் இடம் கொடுக்காது. ஊரில் பஸ் சாயங்காலம்தான். சர்க்கரை வியாதிக்காரி, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். இப்போதே நடுங்கியது. வாசலில் ஓரமாக முட்டை லாரி நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அர்த்தநாரியைப் பார்த்தாள்.

அர்த்தநாரி உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உட்டுட்டு வந்தர்றேன் சௌந்திரம். பாவம், வயசானவிய."

சௌந்திரம் கையை நீட்டினாள். அவர் தயங்கினார். அவள் கை இறங்கவில்லை. கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டார். அவள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு கோரைப் பாயைக் கொண்டுவந்து, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உதறி விரித்தாள்.

"உக்காருங்க சம்பந்தி. இப்படிப் படுத்துக்கிட்டாலும் செரிதான்."

"எனக்கு ஒரு வண்டி மட்டும் புடிச்சுக் குடு சாமி" என்றாள் அத்தாயி. இப்போது குரலில் தேன் இல்லை. "தலை சுத்துது."

"சொல்லியிருக்குதுங்க" என்றாள் சௌந்திரம். "இப்ப வந்துரும். சித்த பொறுத்துக்கங்க."

அத்தாயி அவளைப் பார்த்தாள். தான் சொன்ன சொல் திரும்பி வருவதைக் கண்டுகொண்டாள். மெதுவாகப் பாயில் உட்கார்ந்து, விழாமல் இருக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க" என்று சௌந்திரம் புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு கூப்பிடுகிறாள். அவர் பதறிக்கொண்டு வந்தார். "தண்ணி கேட்டாக் குடுங்க. என்ற புள்ளைக்கும் குடுத்தாங்களாம்."

பிறகு எதிரே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். யாருக்கும் அவள் போன் செய்யவில்லை.